முதலில் மென்பொருள், பிறகு லினக்ஸ்: சின்ன அலுவலகத்தையும் வீட்டுக் கணினியையும் மாற்றும் முறை

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் முடிந்துவிட்டன. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பைக் கேட்கிறது, இன்டெலில் 8-ஆம் தலைமுறைக்கு முந்தைய பிராசஸர்களைப் பெரும்பாலும் ஏற்பதில்லை. இதனால் எந்தக் குறையும் இல்லாத 6, 7-ஆம் தலைமுறை ஐ3, ஐ5 கணினிகள் மூலைக்குப் போகின்றன. அவற்றில் ஒரு எஸ்எஸ்டியும் 8 ஜிபி ரேமும் போட்டு, விண்டோஸுக்கு மாற்றான இலவச இயங்குதளமான லினக்ஸை ஏற்றினால் இன்னும் பல ஆண்டுகள் அலுவலக வேலைக்குத் தாராளமாகப் போதும்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை விண்டோஸை அழித்து லினக்ஸ் போட்டுவிட்டு, திங்கட்கிழமை காலையில் ஊழியர்களை உட்கார வைத்தால் மதியத்துக்குள் எல்லாரும் பழையதைக் கேட்பார்கள். அதற்கு லினக்ஸ் காரணமாக இருக்காது. எக்ஸெல்லில் போட்ட பில் படிவம் இரண்டு பக்கமாக உடைந்திருக்கும், பாமினி எழுத்துருவில் அடித்த கடிதம் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும், பிரிண்டர் அசையாது, கணக்கு மென்பொருளான டாலி திறக்காது. இந்த நான்கையும் விண்டோஸில் இருக்கும்போதே தீர்த்துவிடலாம். பிரான்சின் ஜாந்தார்மரி காவல் படை இப்படித்தான் செய்தது. 2005-இல் ஓப்பன்ஆபிஸ், அடுத்து ஃபயர்ஃபாக்ஸும் தண்டர்பேர்டும், இவை கைக்குப் பழகிய பிறகே 2008-இல் உபுண்டு லினக்ஸ். ஐந்து கணினி உள்ள அலுவலகத்துக்கும் அதே வரிசைதான் சரி. மென்பொருளை முதலில் மாற்றுங்கள், இயங்குதளத்தைக் கடைசியில் மாற்றுங்கள்.

ஒரு வாரம், ஒரு நோட்டு

ஒவ்வொரு கணினிக்கும் நோட்டில் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். அதில் உட்காருபவர் ஒரு வாரத்தில் திறக்கும் எல்லா மென்பொருளையும், செருகும் எல்லாக் கருவியையும் எழுதச் சொல்லுங்கள். மாதம் ஒரு முறை மட்டும் திறப்பதையும் கேட்டு எழுதுங்கள். பிஎஃப், ஈஎஸ்ஐ, ஜிஎஸ்டி வேலைகள் அந்த வகையில்தான் ஒளிந்திருக்கும்.

பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு குறி போடுங்கள். உலாவியிலேயே முடியும் வேலையா? அப்படியானால் லினக்ஸிலும் அதே வேலை, அதே முகவரி. மாற்று மென்பொருள் உள்ளதா? வேர்டு, எக்ஸெல், அவுட்லுக், பிடிஎஃப், படம் குறுக்குவது போன்றவை இதில் வரும். விண்டோஸ் இல்லாமல் முடியாததா? டாலி, டிஎஸ்சி என்னும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன், விரல்ரேகை வருகைப் பதிவு, கோரல்டிரா, பேஜ்மேக்கர், கடைக்கென்று எழுதி வாங்கிய பில்லிங் மென்பொருள் ஆகியவை இதில் வரும்.

மூன்றாவது குறி விழுந்த இருக்கையை இப்போதைக்குத் தொடாதீர்கள். பிளக்ஸ் பேனர் அச்சகத்தில் நாள் முழுக்க கோரல்டிராவில் வேலை செய்பவரிடம் அதன் இலவச மாற்றான இங்க்ஸ்கேப்பைத் திணிப்பது அவர் பிழைப்பில் கை வைப்பது. ஐந்தில் நான்கு மாறினாலே போதுமான லாபம்.

விண்டோஸிலேயே தொடங்குங்கள்

எல்லாக் கணினியிலும் லிப்ரெஆபிஸ் (எம்எஸ் ஆபிஸுக்கு மாற்று), ஃபயர்ஃபாக்ஸ் (உலாவி), தண்டர்பேர்டு (மின்னஞ்சல்), விஎல்சி (படம், பாட்டு) ஆகியவற்றை ஏற்றுங்கள். எம்எஸ் ஆபிஸை நீக்காதீர்கள்; டெஸ்க்டாப்பிலிருந்து அதன் ஐகானை மட்டும் எடுத்துவிடுங்கள். நான்கு வாரம் கொடுங்கள். எது எதற்காகப் பழையதைத் தேடி ஓடினார்கள் என்று நோட்டில் குறித்து வைத்தால், அதுதான் உங்கள் வேலைப் பட்டியல்.

லிப்ரெஆபிஸை ஏற்றியதும் செய்ய வேண்டிய அமைப்புகள் சில உண்டு. வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டேப்ட்' தேர்ந்தெடுத்தால் மேல்பட்டை வேர்டைப் போலவே இருக்கும். பாதி முணுமுணுப்பு அங்கேயே அடங்கிவிடும். டூல்ஸ், ஆப்ஷன்ஸ் போய் மொழிப் பகுதியில் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' பெட்டியில் டிக் போட்டு மொழியாகத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். இதை விட்டுவிட்டால், ஸ்டைலில் எழுத்துருவை எத்தனை முறை மாற்றினாலும் ஆங்கிலம் மட்டும் மாறும், தமிழ் அப்படியே நிற்கும். லிப்ரெஆபிஸ் இரண்டுக்கும் தனித்தனி எழுத்துருவை வைத்துக்கொள்வதுதான் காரணம்.

அதே மொழிப் பகுதியில் லோக்கேலை (எண், தேதி காட்டும் முறை) 'இங்கிலீஷ் இந்தியா' என்று வையுங்கள். எக்ஸெல்லுக்கு மாற்றான கால்க்கில் 1,234,567 என்று வந்துகொண்டிருந்த தொகை 12,34,567 என்று நம் கணக்குக்கு மாறும்.

கோப்பு எந்த வடிவத்தில் இருக்க வேண்டும் என்பதில் ஒரே விதிதான்: ஒரு கோப்பு ஒரு வடிவம். வெளியாட்களோடு திருத்தித் திருத்தி மாற்றிக்கொள்ளும் கோப்பு டாக்எக்ஸாகவே, எக்ஸ்எல்எஸ்எக்ஸாகவே இருக்கட்டும். அலுவலகத்துக்குள் மட்டும் புழங்குவது லிப்ரெஆபிஸின் சொந்த வடிவங்களான ஓடிடி (.odt), ஓடிஎஸ் (.ods) ஆகியவற்றுக்குப் போகட்டும். ஒரே கோப்பை இங்கும் அங்குமாக மாற்றி மாற்றிச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் பத்தி இடைவெளி, பெட்டிக் கோடு என்று ஏதாவது ஒன்று நழுவும். முடிந்துபோன கடிதமும் பில்லும் பிடிஎஃப் ஆகவே வெளியே போகட்டும்.

பில் படிவம் இரண்டு பக்கமாக உடைவதற்குப் பெரும்பாலும் எழுத்துருதான் காரணம். கேலிப்ரி லினக்ஸில் இல்லை. அதற்குச் சமமான அகலத்தில் செய்யப்பட்டது கார்லிட்டோ, கேம்ப்ரியாவுக்குக் கலாடியா, ஏரியல், டைம்ஸ் நியூ ரோமனுக்கு லிபரேஷன் எழுத்துருக்கள். எழுத்தின் வடிவம் சற்று வேறாக இருந்தாலும் அகலம் ஒன்றே என்பதால் வரி உடையாது. தமிழுக்கு அந்த வசதி இல்லை. லதாவிலோ நிர்மலாவிலோ அடித்த பக்கம் நோட்டோ சான்ஸ் தமிழுக்கு மாறும்போது வரி நகரும். ஆகவே லெட்டர்ஹெட், ரசீது, கொட்டேஷன் ஆகிய மூன்று படிவங்களையும் நோட்டோ சான்ஸ் தமிழிலோ மீரா இனிமையிலோ புதிதாகச் செய்து, அந்த எழுத்துருவை விண்டோஸ் கணினிகளிலும் ஏற்றிவிடுங்கள். இலவச எழுத்துரு, எங்கும் ஏற்றலாம்.

எக்ஸெல் மேக்ரோக்கள் சில ஓடும், பல ஓடாது. ஒவ்வொன்றாகத் திறந்து சோதிப்பதைத் தவிர வேறு வழியில்லை. பவர் குவெரி கிடையாது. எக்ஸ்லுக்கப் சூத்திரத்தைப் பயன்படுத்துபவர் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள்: அது லிப்ரெஆபிஸ் 24.8-இல்தான் சேர்ந்தது, நாம் பின்னால் ஏற்றப்போகும் லினக்ஸ் மின்ட் 22 உடன் வந்ததோ 24.2. அந்தக் கணினியில் மட்டும் சாஃப்ட்வேர் மேனேஜரில் ஃபிளாட்பேக் வடிவில் இருக்கும் புதிய லிப்ரெஆபிஸை ஏற்றுங்கள்.

பாமினி, வானவில் கோப்புகள்

தமிழ் அலுவலகங்களில் அதிக நாள் எடுப்பது, யூனிகோடுக்கு முந்தைய இந்த எழுத்துருக்களில் அடித்த கோப்புகளை மாற்றும் வேலைதான். பாமினியில் அடித்த 'தமிழ்' என்ற சொல் கோப்புக்குள் தமிழாகவே இல்லை. ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஒரு அரைப்புள்ளியுமாகத்தான் சேமிக்கப்பட்டிருக்கிறது. ஜே இருக்கும் இடத்தில் த-வின் படத்தை வரைந்து காட்டுவது எழுத்துருவின் வேலை. எழுத்துரு இல்லாத கணினியில் அந்த நான்கு எழுத்தும் அரைப்புள்ளியும் அப்படியே வெளியே தெரிந்துவிடும். கோப்பு கெட்டுப்போகவில்லை, யாரும் பயப்பட வேண்டாம்.

பழைய கோப்பை அவ்வப்போது பார்த்து அச்சடித்தால் போதும் என்றால், விண்டோஸின் எழுத்துரு அடைவிலிருந்து அந்த டிடிஎஃப் கோப்பை லினக்ஸுக்குக் கொண்டுவந்து இரட்டைச் சொடுக்கில் ஏற்றுங்கள். கடிதம் பழையபடி தெரியும். ஆனால் பெயரைத் தேட முடியாது, அகர வரிசைப்படுத்த முடியாது, கைப்பேசியில் அனுப்பினால் படிக்க முடியாது. இனியும் திருத்தப்போகும் கோப்புகளை, எந்தக் கணினியும் கைப்பேசியும் படிக்கும் யூனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். ஓப்பன்-தமிழ் என்ற திறமூலப் பைத்தான் நிரல் தொகுப்பு பாமினி, டிஸ்கி, டேப், டேம் முதலிய பல குறிமுறைகளிலிருந்து மாற்றித் தரும். இணையத்தில் ஒட்டி மாற்றும் பக்கங்களும் நிறைய உண்டு. வாடிக்கையாளர் பெயரும் தொகையும் உள்ள பத்திரங்களை அங்கே ஒட்டாதீர்கள்.

மாற்றும்போது வழக்கமாக நேரும் தவறு ஒன்று. கடிதத்தில் இடையிடையே ஆங்கிலமும் இருக்கும். முழுக் கடிதத்தையும் ஒரே வீச்சில் மாற்றினால், கருவிக்கு எது உண்மையான ஆங்கிலம், எது பாமினித் தமிழ் என்று தெரியாது. நிறுவனத்தின் பெயரும் மின்னஞ்சல் முகவரியும் பொருளற்ற தமிழ் எழுத்துகளாகிவிடும். பத்தி பத்தியாக, பாமினி எழுத்துரு இட்ட பகுதியை மட்டும் தேர்ந்தெடுத்து மாற்றுங்கள். மாற்றிய பிறகு ஒருவர் உட்கார்ந்து ஒரு முறை வாசிக்கட்டும். கொம்பும் காலும் இடம் மாறுவது கண்ணுக்குத்தான் தெரியும். எல்லாவற்றையும் மாற்றும் ஆசை வேண்டாம். நடப்பில் உள்ள 50 கோப்புகளை மாற்றிவிட்டு, மீதியைப் பிடிஎஃப் ஆக்கி வைத்தால் போதும்.

பிரிண்டர்

புதிதாக வாங்கப்போகிறீர்கள் என்றால், ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் ஆதரவு உள்ள வைஃபை பிரிண்டராகப் பாருங்கள். டிரைவரே இல்லாமல் லினக்ஸ் அதைத் தானாகக் கண்டுபிடிக்கும். அந்த வகை ஆல்-இன்-ஒன்னில் ஸ்கேனரும் பெரும்பாலும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஏற்கெனவே இருப்பது எச்பி என்றால் எச்பிஎல்ஐபி என்ற மென்பொருள் பார்த்துக்கொள்ளும். ஆனால் லேசர்ஜெட் 1020, பி1007 போன்ற மலிவு மாடல்கள் தங்களை இயக்கும் உள் நிரலான ஃபர்ம்வேரைத் தாமே வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் கணினிதான் அதை அனுப்ப வேண்டும். அதற்கு எச்பியின் தனி பிளகின் தேவை. எச்பிஎல்ஐபி அமைக்கும்போது பிளகின் வேண்டுமா என்று கேட்கும். இணைய இணைப்போடு 'ஆம்' சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பிரிண்டர் பட்டியலில் பெயர் தெரியும், வேலையும் வரிசையில் போய் நிற்கும், தாள் மட்டும் வராது.

நம்மூர்க் கடைகளில் எங்கும் காணும் கேனன் எல்பிபி2900 கடினமான ஆள். அது கேப்ட் என்ற கேனனின் சொந்த மொழியில்தான் பேசும்; அதற்கான லினக்ஸ் டிரைவர் பழசாகிவிட்டது. ஓட வைத்தவர்கள் உண்டு, ஆனால் புதியவர் இரண்டு நாளை அதில் செலவழிப்பதை விட அந்தப் பிரிண்டரை விண்டோஸாகவே நிற்கப்போகும் கணினியில் செருகிவிடுவது மேல். பிரதர் தன் பல மாடல்களுக்கு லினக்ஸ் டிரைவரைத் தானே தருகிறது. எப்சனின் எல் வரிசை மை டேங்க் பிரிண்டர்களில் பலவற்றுக்கு இஎஸ்சிபிஆர் என்ற டிரைவர் மின்ட்டின் களஞ்சியத்திலேயே இருக்கிறது. பில் போடும் டாட் மேட்ரிக்ஸ் என்றால், மாடல் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், தலையில் 9 பின்னா 24 பின்னா என்று பார்த்து 'எப்சன் 9 பின்' அல்லது '24 பின்' தேர்ந்தெடுங்கள். எப்சன் மொழியைப் புரிந்துகொள்ளும் டாட் மேட்ரிக்ஸ்கள்தான் அதிகம்.

டாலியும் டிஎஸ்சியும்

டாலிபிரைம் விண்டோஸுக்கென்றே எழுதப்பட்டது. விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்ட உதவும் ஒயின் வழியாக ஓட்டிப் பார்க்கலாமே என்று சொல்பவர்கள் இருப்பார்கள். கணக்கு விஷயத்தில் அந்தச் சோதனை வேண்டாம். ஒயின் சின்னச் சின்னப் பழைய மென்பொருளுக்கு ஏற்றது. ஆண்டுக் கணக்கை அதன் மேல் வைக்கக் கூடாது. கணக்கு மென்பொருளையே மாற்றுவதும் வேண்டாம், ஆடிட்டர் டாலி டேட்டாவைத்தான் கேட்பார்.

ஒரு கணினியை ஆதரவுள்ள விண்டோஸ் புரோவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதில் டாலி, டிஎஸ்சி, அந்தக் கேனன் பிரிண்டர் எல்லாம் இருக்கட்டும். மற்ற லினக்ஸ் கணினிகளில் ரெம்மினா என்ற மென்பொருளை ஏற்றி, தொலைவிலிருந்து கணினியை இயக்கும் ஆர்டிபி வழியாக அந்தத் திரையை இங்கேயே திறக்கலாம். ஹோம் பதிப்பு விண்டோஸ் ஆர்டிபி இணைப்பை ஏற்காது, புரோ வேண்டும். ஒரு நேரத்தில் ஒருவர்தான் உள்ளே இருக்க முடியும் என்பதையும் முன்கூட்டியே எல்லாருக்கும் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் ஒருவர் நுழைய இன்னொருவர் வெளியே தள்ளப்படுவார். அந்தக் கணினியின் ஆர்டிபியை இணையத்துக்குத் திறந்துவிடவே கூடாது. அலுவலக ரவுட்டருக்குள் மட்டும்.

தனி உரிமையாளர் நிறுவனம் என்றால் ஜிஎஸ்டி ரிட்டர்னை ஓடிபி வழிச் சரிபார்ப்பான இவிசியிலேயே முடிக்கலாம், டோக்கன் வேண்டாம். அது எந்த உலாவியிலும் ஓடும். கம்பெனிக்கும் எல்எல்பிக்கும் டிஎஸ்சி கட்டாயம்.

பென் டிரைவில் ஓட்டிப் பார்த்தல்

எந்த லினக்ஸ் என்ற கேள்விக்கு நீண்ட விவாதம் உண்டு; அதில் இறங்காதீர்கள். விண்டோஸிலிருந்து வருபவருக்கு லினக்ஸ் மின்ட், சின்னமன் பதிப்பு. ரேம் 4 ஜிபிதான் என்றால் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. மின்ட் 22 வரிசைக்கு 2029 வரை அப்டேட் உண்டு. எல்லாக் கணினியிலும் ஒரே பதிப்பைப் போடுங்கள். ஒருவருக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லித்தர அதுதான் வழி. 32 பிட் பிராசஸர் உள்ள மிகப் பழைய கணினியில் மின்ட் 22 ஏறாது.

மின்ட்டின் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ என்ற நிறுவல் கோப்பை இறக்குங்கள், ஏறக்குறைய 3 ஜிபி. கூடவே அங்கே தரப்பட்டிருக்கும் எஸ்எச்ஏ256 எண்ணை, கோப்பு சரியாக இறங்கியதா என்று அறிய ஒப்பிடுங்கள்: விண்டோஸில் 7-ஜிப் இருந்தால் ஐஎஸ்ஓ மேல் வலச்சொடுக்கு, சிஆர்சி எஸ்எச்ஏ, எஸ்எச்ஏ-256. ஓர் எழுத்து மாறினாலும் மறுபடி இறக்குங்கள். நிறுவல் பாதியில் நின்றுபோவதற்கு, அரைகுறையாக இறங்கிய ஐஎஸ்ஓவும் தேய்ந்த பென் டிரைவும்தான் முக்கியக் காரணங்கள். 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற மென்பொருள் கொண்டு எழுதுங்கள். அதிலிருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

கணினியை அணைத்து, பென் டிரைவைச் செருகி, சுவிட்ச் போட்டதும் பூட் மெனு விசையைத் தட்டிக்கொண்டே இருங்கள். டெல், லெனோவாவில் எஃப்12, எச்பியில் எஃப்9, அசூஸ் லேப்டாப்பில் எஸ்கேப், ஏசரிலும் எஃப்12 (ஆனால் பல மாடல்களில் அதை முதலில் கணினியின் அடிப்படை அமைப்புத் திரையான பயாஸில் இயக்கிவிட வேண்டும்). திரை கறுப்பாகவே நின்றால் மறுபடி தொடங்கி, மெனுவில் 'காம்பாட்டிபிலிட்டி மோடு' தேர்ந்தெடுங்கள். என்விடியா அட்டை உள்ள கணினிகளில் இது அடிக்கடி தேவைப்படும்.

இப்போது பென் டிரைவிலிருந்தே மின்ட் ஓடுகிறது, உள்ளே எதுவும் மாறவில்லை. வைஃபை, ஒலி, வெப்கேம், பிரிண்டர் சோதனைத் தாள், லேப்டாப்பை மூடித் திறந்தால் எழுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்து நோட்டில் எழுதுங்கள். வேகத்தை இங்கே எடை போடாதீர்கள், பென் டிரைவ் மெதுவானது. வைஃபை வரவில்லை என்றால் ஆண்ட்ராய்டு கைப்பேசியைக் கேபிளில் செருகி யுஎஸ்பி டெதரிங் போடுங்கள். லினக்ஸ் அதைக் கேபிள் இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். அந்த இணைப்பில், நிறுவிய பின் டிரைவர் மேனேஜர் வழியாக வைஃபை டிரைவரை ஏற்றிக்கொள்ளலாம்.

நிறுவும் நாள்

இரண்டு இயங்குதளத்தையும் ஒரே டிஸ்கில் வைக்கும் டூயல் பூட்டைப் பலரும் பரிந்துரைப்பார்கள். அலுவலகத்துக்கு அது நல்ல யோசனை இல்லை. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிஸ்கைப் பூட்டிய நிலையில் விட்டுவிடும், லினக்ஸிலிருந்து அந்தக் கோப்புகளில் எழுத முடியாது. கடிகாரம் ஐந்தரை மணி நேரம் முன்பின்னாகக் காட்டும். வன்பொருள் கடிகாரத்தில் விண்டோஸ் இந்திய நேரத்தை எழுத, லினக்ஸ் கிரீன்விச் நேரம் என்று படிப்பதால் வரும் குழப்பம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, சின்னத் தொந்தரவு வந்தாலும் ஊழியர்கள் விண்டோஸுக்கே ஓடிவிடுவார்கள், பழக்கம் வராது.

அதை விட எளிய வழி: 240 அல்லது 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று வாங்குங்கள். மின்சாரத்தைப் பிடுங்கி, பழைய ஹார்டு டிஸ்கைக் கழற்றி, கணினியின் பெயரும் தேதியும் எழுதி உறையில் வையுங்கள். அதே கேபிள்களில் எஸ்எஸ்டியைப் பொருத்துங்கள். பழைய டிஸ்க் உள்ளேயே இல்லை என்பதால் தவறான டிஸ்கை அழித்துவிடும் ஆபத்து அறவே இல்லை. ஏதாவது சிக்கல் என்றால் இரண்டு கேபிளை மாற்றினால் பத்து நிமிடத்தில் பழைய விண்டோஸ் வந்துவிடும். டிஸ்கைக் கழற்ற முடியாத லேப்டாப் என்றால் எல்லாக் கோப்புகளையும் வெளி டிஸ்கில் நகலெடுத்து, அந்த நகலை இன்னொரு கணினியில் திறந்து பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். எந்தக் கணினியானாலும், விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இருந்தால் அதன் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக்கொள்ளாமல் கை வைக்காதீர்கள்.

நிறுவல் கேள்விகள் சிலவே. கீபோர்டு 'இங்கிலீஷ் இந்தியா, வித் ருபீ' என்று வைத்தால் வலப்பக்க ஆல்ட் விசையோடு 4 அழுத்த ₹ வரும். மல்டிமீடியா கோடெக் பெட்டியில் டிக் போடுங்கள். 'இரேஸ் டிஸ்க்' கொடுங்கள். வெளியே எடுத்துப் போகும் லேப்டாப் என்றால் அங்கேயே என்கிரிப்ஷனைத் தேர்ந்தெடுங்கள். அந்தக் கடவுச்சொல் தொலைந்தால் கோப்பும் தொலைந்தது, எழுதிப் பூட்டி வையுங்கள். நேர மண்டலம் கொல்கத்தா. அவ்வளவுதான், எஸ்எஸ்டியில் கால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல்.

நிறுவியில் டிஸ்கே தெரியவில்லையா? பயாஸில் சேமிப்பகம் இன்டெல் ஆர்எஸ்டி அல்லது ரெய்டு என்று இருக்கும். ஏஎச்சிஐ என்று மாற்றுங்கள். பழைய டிஸ்கைத் திரும்பப் பொருத்தும் நாள் வந்தால் அதை மறுபடி பழையபடி மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் விண்டோஸ் எழாது. உறையின் மேல் அதையும் எழுதிவிடுங்கள்.

முதல் மாலை

முதல் வேலை, இயங்குதளத்தின் நிலையைப் பதிந்து வைக்கும் டைம்ஷிப்ட். ஆர்சிங்க் முறையைத் தேர்ந்தெடுத்து, தினமும் ஒன்று, வாரம் ஒன்று என்று நிழற்பிரதி எடுக்கச் சொல்லுங்கள். எந்த அப்டேட் குளறுபடி செய்தாலும் நேற்றைய நிலைக்குத் திரும்பிவிடலாம். ஆனால் டைம்ஷிப்ட் இயங்குதளத்தைத்தான் காக்கும். உங்கள் கடிதங்களும் பில்களும் இருக்கும் ஹோம் அடைவை அது இயல்பாகத் தொடுவதில்லை. பலர் இதைத் தெரிந்துகொள்வது கோப்பு போன பிறகுதான். கோப்புகளுக்கு மின்ட்டின் பேக்கப் கருவியையோ டேஜா டூப்பையோ தனியாக அமைத்து, வெளி டிஸ்கில் வாரம் ஒரு முறையாவது எடுங்கள்.

அடுத்து அப்டேட் மேனேஜர். முதலில் அருகிலுள்ள மிரரைத் தேர்ந்தெடுங்கள், பிறகு எல்லாவற்றையும் ஏற்றுங்கள். டிரைவர் மேனேஜரில் ஏதாவது பரிந்துரை இருந்தால் போடுங்கள். செக்யூர் பூட் இயக்கத்தில் இருக்க என்விடியா டிரைவரை ஏற்றினால் ஒரு கடவுச்சொல் கேட்கும். மறுபடி தொடங்கும்போது நீலத் திரை வரும், 'என்ரோல் எம்ஓகே' தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லைத் தர வேண்டும். அந்தத் திரையைத் தாண்டிவிட்டால் டிரைவர் வேலை செய்யாது.

தமிழ் உள்ளிட ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவி போதும். சாஃப்ட்வேர் மேனேஜரில் ஐபஸ்-எம்17என் ஏற்றி, இன்புட் மெத்தட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி நுழையுங்கள். ஐபஸ் அமைப்பில் தமிழ் வகையில் 'தமிழ்99 (எம்17என்)' சேர்க்கவும். ஒலிபெயர்ப்பில் அடித்துப் பழகியவருக்கு 'ஃபொனெட்டிக்' உண்டு, டைப்ரைட்டர் முறையும் உண்டு. விண்டோஸ் விசையோடு ஸ்பேஸ் அழுத்தினால் மொழி மாறும்.

கீபோர்டு லேஅவுட் பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று தெரியும். அதைப் போட்டுவிட்டு 'தமிழ்99 சரியில்லை' என்பவர்கள் அதிகம். அது வெறும் விசைப் பட்டியல். தானாகப் புள்ளி வைக்கும் விதி அதில் இல்லை. சரியானதைப் போட்டிருக்கிறோமா என்று பார்க்க ப, க, க, ம, புள்ளி என்று ஐந்தே விசை அழுத்துங்கள். 'பக்கம்' என்று வந்தால் சரி. 'பககம்' என்று வந்தால் லேஅவுட்டை நீக்கிவிட்டு ஐபஸுக்கு வாருங்கள்.

கோப்புகளைப் பகிர, அடைவின் மேல் வலச்சொடுக்கு, 'ஷேரிங் ஆப்ஷன்ஸ்'. பகிர்வுக்கான சம்பா மென்பொருளை ஏற்றட்டுமா என்று கேட்கும், ஏற்றுங்கள். விண்டோஸ் கணினியும் அதைத் திறக்க முடியும்.

ஊழியர்களுக்கு ஒரே ஒரு கட்டளை: மென்பொருள் வேண்டுமென்றால் சாஃப்ட்வேர் மேனேஜரில் மட்டும் தேடுங்கள். இணையத்தில் எக்ஸி கோப்பை இறக்கும் பழைய பழக்கம் இங்கே தேவையில்லை. எவரோ எழுதிய கட்டளையைப் புரியாமல் டெர்மினலில் ஒட்டுவதும் வேண்டாம்.

வீட்டில்

வீட்டுக் கணினி எளிது. வங்கி, மின் கட்டணம், யூடியூப், ஆன்லைன் வகுப்பு எல்லாம் உலாவிக்குள்ளேயே நடக்கின்றன. வாட்ஸ்அப்பை உலாவியில் திறக்கலாம். ஜூம் லினக்ஸுக்கென்றே கிடைக்கிறது. கடவுச்சொல் போட்ட ஆதார் பிடிஎஃப் மின்ட்டின் பிடிஎஃப் பார்வையியிலேயே திறக்கும். குழந்தைகளுக்கு ஜிகாம்ப்ரி, டக்ஸ் பெயின்ட் ஏற்றி, அவர்களுக்குத் தனிப் பயனர் கணக்கு கொடுங்கள். 'ஸ்டாண்டர்டு' கணக்கு, நிர்வாகிக் கணக்கு வேண்டாம். கட்டண ஓடிடி தளங்கள் சிலவற்றில் படத் தரம் விண்டோஸை விடக் குறைவாகவே வரும், அதற்கு நகல் தடுப்பு உரிமம்தான் காரணம். பெரியவர்களுக்கு எழுத்தின் அளவைச் சற்றுக் கூட்டி, டெஸ்க்டாப்பில் நான்கே ஐகான் வைத்துவிட்டால், பிறகு உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள்.

முதல் மூன்று மாதம்

அலுவலகத்தில் முதல் கணினியாக ஆர்வமுள்ள ஒருவருடையதை எடுங்கள், முதலாளியுடையதை அல்ல. இரண்டு வாரம் அதில் முழு வேலையும் நடக்கட்டும். வந்த தடங்கல்களைத் தீர்த்துவிட்டு, வாரத்துக்கு ஒரு கணினி. மாத முதல் பத்து நாளிலும் ஜிஎஸ்டி கெடு நெருங்கும்போதும் எதையும் மாற்றாதீர்கள்.

அப்டேட்டுக்குப் பிறகு கணினி எழவில்லை என்றால், தொடங்கும்போது வரும் குரப் மெனுவில் 'அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்' போய் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் முந்தைய பதிப்பைத் தேர்ந்தெடுங்கள். பெரும்பாலும் அதிலேயே எழுந்துவிடும். அதிலும் முடியாவிட்டால் பென் டிரைவில் மின்ட்டை ஓட்டி, அங்கிருந்து டைம்ஷிப்டைத் திறந்து மீட்கலாம். அதனால் அந்த நிறுவல் பென் டிரைவை வேறு எதற்கும் எடுக்காமல் மேசை இழுப்பறையில் போட்டு வையுங்கள்.

உறையில் இருக்கும் பழைய டிஸ்குகளை மார்ச் கணக்கு முடிந்து, ரிட்டர்ன் தாக்கல் ஆகும் வரை தொடாதீர்கள். அதற்குள் 'அந்தப் பழைய கோப்பு எங்கே' என்ற கேள்விகள் எல்லாம் வந்து தீர்ந்திருக்கும். பிறகு டிஸ்கை வெளியிலிருந்து செருக உதவும் யுஎஸ்பி பெட்டி ஒன்று வாங்கி, டிஸ்கின் நலனை 'டிஸ்க்ஸ்' கருவியின் ஸ்மார்ட் பகுதியில் சோதித்து, நன்றாக இருப்பதை அழித்து, வாராந்திர பேக்கப்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.